ஒற்றைக் கையால் திறக்கும் கத்தி

சுனாமிக்குப் பிறகு என் இடது கை முழங்கை வரைக்கும்தான் எனக்குச் சொந்தம். அதற்குக் கீழே உள்ளது சும்மா கூட வருகிறது. விரல்கள் ஐந்தும் இருக்கின்றன. நகம் வளர்கிறது, வெட்டிவிடுகிறேன். ஆனால் ஒரு நூலைக்கூட அவை பிடிப்பதில்லை. நானோ கயிறு விற்கிறவள்.

கிழக்குக் கரையில், வாவி சூழ்ந்த புளியந்தீவில் கடைத்தெருவின் நடுவே இருக்கிறது எங்கள் கடை. தும்புக் கயிறு, நைலோன் கயிறு, வலை, தூண்டிலுக்குக் கட்டும் தங்கூசி, மழைக்கு விரிக்கும் படங்கு, இவைதான் வியாபாரம். அப்பா தொடங்கியது. அவருக்குப் பிறகு நான் பார்த்துவருகிறேன். என் கணவர் எனக்கு மாமி மகன், மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். அவர் கொழும்புக்கு ஓடும் தனியார் பஸ்ஸின் சாரதி. கடைப் பக்கம் வந்தால் மூட்டை இறக்கித் தருவார், அவ்வளவுதான். விலை பேசுவது, வெட்டுவது, கட்டுவது எல்லாம் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கல்லடிக் கடற்கரையில் தோணிக்காரர் ஒருவருக்கு நங்கூரக் கயிறு கொடுக்கப் போயிருந்தேன். நத்தார்ப் பண்டிகை முடிந்த மறுநாள். அவர் கயிற்றை வாங்கி முற்றத்தில் விரித்து முறுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி தேத்தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். சனம் ஓடி வந்தது. அதன் பின்னால் கறுப்பாகத் தண்ணீர் வந்தது. நான் வாசல் கேற்றைப் பிடித்தேன். கேற் தூணோடு கழன்று சுழன்று மதிலோடு மோதியது, இடையில் என் கை. அந்தக் கை அங்கே சிக்கியிராவிட்டால் நான் வாவிக்குள் போயிருப்பேன் என்று பிறகு வந்து தூக்கியவர்கள் சொன்னார்கள். தோணிக்காரரும் மனைவியும் அலையோடு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் என் கையை எடுக்காமல் காப்பாற்றினார்கள். நரம்பை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

கடையைத் திறக்கக் கனநாள் எடுக்கவில்லை. திறக்காமல் இருக்கவும் முடியவில்லை. வீடிழந்த சனத்துக்குச் சோற்றுக்கு அடுத்தபடியாகத் தேவைப்பட்டது படங்கும் கயிறும்தான். விடியக்காலை எங்கள் வீடு இருந்த தன்னாமுனையிலிருந்து பஸ்ஸில் வந்து கடையைத் திறந்தால் வாசலில் ஆள் நிற்கும்.

கயிற்றைப் பிடிக்கும் வேலைக்கு முதல் நாளே வழி கண்டேன். மேசையின் ஓரத்தில் ஒரு கொளுக்கியை அறைவித்து, கயிற்றை அதில் மாட்டி, இடது முழங்கையால் அழுத்திக்கொண்டால் அசையாது. கத்திதான் தொல்லையானது. அப்பா காலத்து நீட்டுக் கத்தி மேசையில் கிடந்தால் கயிற்றுச் சுருளுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு தடவை காலடியில் விழுந்து பலகையில் குத்தி நின்றது. சாமான் அறையில் ஏணியில் ஏறி நின்று வெட்டவும் வேண்டும், அப்போது திறந்த கத்தியை எங்கே செருகுவது? மடித்து வைக்கும் வில்லுக்கத்தி வாங்கினேன். அதைத் திறக்க இன்னொரு கையின் நகம் வேண்டும். எனக்கு இருந்தது பல். சில கிழமைகளில் முன்பல்லின் ஓரம் உடைந்தது.

அதைக் கண்ட அன்று மச்சான் வில்லுக்கத்தியை வாங்கித் தானே மடித்துத் திறந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"நான் பஸ்ஸ விட்டுட்டுக் கடையில நிக்கட்டா, புள்ள?"

"வேணாம். எனக்குக் கத்திதான் சரியில்ல. ஆள் சரியாத்தான் இரிக்கன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு கையால் திறக்கிற மடக்குக் கத்தி உலகத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்தது ஒரு வெள்ளைக்காரரால். தற்காலிக வீடுகள் கட்ட வந்திருந்த பொறியியலாளர் அவர். கயிறு வாங்க வந்தவர், முறுக்கின் நடுப்பகுதி எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தன் காற்சட்டைப் பையிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்தார். சுட்டுவிரலை அசைத்தார். டக் என்று ஒரு சத்தம், அலகு வெளியே நின்றது. மற்றக் கையில் கைத்தொலைபேசி இருந்தது. நான் கயிற்றை விட்டுவிட்டு அதைத்தான் பார்த்தேன்.

காட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். கொடுத்தார். அலகின் அடியில் மீன் செட்டை மாதிரிச் சின்னதாக ஒரு துருத்தல், மடித்திருக்கும்போது பிடியின் முதுகுப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுட்டுவிரலால் பின்னுக்கு இழுத்தால் அலகு சுழன்று திறந்து பூட்டிக்கொள்கிறது. ஃபிளிப்பர் என்றார். முதல் தடவை பாதிதான் வந்தது. மூன்றாவது, நான்காவது தடவையில் அலகு முழுதாக நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதினால் சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். ஒரு வேலையை யாரையும் கேட்காமல் செய்து முடித்தேன், அவ்வளவுதான்.

அவர் அதை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கத்தி அவருடைய கைக்குச் செய்தது. என் உள்ளங்கைக்கு அது பெரிது, பாரமும் கூட. அமெரிக்காவில் பேரெடுத்த ஒரு கம்பனியின் சாமானாம், இதே வேலையைச் செய்யும் கத்திகளைப் பேர் தெரியாத வேறு கம்பனிகளும் நன்றாகச் செய்கின்றன, தாய்வானில், சீனாவில், தேடிப் பாருங்கள் என்றார். அந்தப் பேச்சுத்தான் அவர் எனக்குத் தந்தது. கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மச்சான் கொழும்புக்குப் போகிறவர்தானே, புறக்கோட்டையில் பார்த்து வரச் சொன்னேன். நடைபாதைக் கடையில் மூன்று வாங்கி வந்தார். மூன்றும் கறுப்பு. ஒன்றில் மண்டையோடு வரைந்திருந்தது. ஒன்றில் அந்த அமெரிக்கக் கம்பனியின் பேரையே எழுத்துப் பிழையோடு அடித்திருந்தார்கள். விற்றவன் எல்லாம் டக்டிகல் சாமான், ஆமிக்காரர் பாவிப்பது என்று சொன்னானாம். எந்த ஆமி என்று மச்சானும் கேட்கவில்லை.

எங்கள் கடைக்கு அடுத்த கடை தையல் மெஷின் திருத்துகிறவருடையது. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர், மச்சானோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். சின்னத் திருகாணிகளோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர் என்பதால் அவரையும் கூப்பிட்டு மூன்றையும் மேசையில் வைத்தோம்.

மண்டையோட்டுக் கத்தி லேசாகத் திறந்தது. திறந்த அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினேன். பூட்டு வழுக்கி அலகு மடிந்துவிட்டது. கயிறு வெட்டும்போது அப்படி மடிந்தால் அது வந்து இறங்கும் இடத்தில் என் விரல் இருக்கும். ஒன்றும் எழுதாத கத்தியின் அலகு பூட்டிய பிறகும் இரண்டு பக்கமும் ஆடியது. எழுத்துப் பிழைக் கத்தியை மடித்துத் தலைகீழாகப் பிடித்து உதறினேன், தானாகவே திறந்துகொண்டது. பைக்குள் அது திறந்தால் என்னாகும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

பறங்கியர் அவற்றைக் கழற்றிப் பார்த்தார். ஒன்றில் அலகு சுழலும் அச்சுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வளையம். இன்னொன்றில் சின்ன இரும்பு உருண்டைகள்.

"உருண்டை நல்லாத்தான் ஓடும். ஆனா இஞ்ச வாவி மணல் ஒள்ளுப்பம் பூந்தாலும் அரைக்கத் தொடங்கிரும். பித்தளை வளையம் போட்டதாப் பாருங்க" என்றார்.

எனக்கு அது சரியாகப் பட்டது. எங்கள் ஊரில் மணலும் உப்பும் புகாத சாமான் கிடையாது.

இந்த மூன்று மோசமான கத்திகளும் எனக்குப் பெரிய உதவி செய்தன. எதை வாங்கக் கூடாது என்று கைக்குத் தெரிந்துவிட்டது. இனி நானே போகிறேன் என்று மச்சானின் பஸ்ஸிலேயே ஏறினேன்.

கொழும்பில் தூண்டில், துப்பாக்கி உறை, மலையேறும் சப்பாத்து எல்லாம் விற்கும் ஒரு கடையை மச்சான் விசாரித்து வைத்திருந்தார். விற்பனையாளர் வாலிபர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கத்தி என்றதும் சமையலறைக் கத்திகள் இருக்கும் மூலையைக் காட்டினார். நான் வேண்டியதைச் சொன்னேன். அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடி அலுமாரி திறந்தது.

முதலில் வந்தது பேரெடுத்த கம்பனியின் கத்தி. குறை சொல்ல ஒன்றுமில்லை. திறப்பது, பூட்டுவது, ஆடாமல் நிற்பது எல்லாம் சரி. ஆனால் அதை ஒரு கையால் மடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. எல்லோரும் கத்தி எப்படித் திறக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். என்னைப் போன்ற ஆளுக்கு மடிப்பதுதான் பெரிய காரியம். பிடிக்குள்ளே ஒரு தகட்டு நாக்கு இருக்கிறது, அலகு திறந்ததும் அது பாய்ந்து பின்னால் முட்டுக் கொடுக்கிறது. மடிக்க வேண்டுமானால் பெருவிரலால் அந்த நாக்கைத் தள்ளி, சுட்டுவிரலால் அலகைக் கீழே கொண்டுவர வேண்டும். அந்தக் கத்தியின் நாக்கு என் பெருவிரலுக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது.

வேறு கம்பனி இல்லையா என்றேன். வாலிபருக்கு அலுத்துவிட்டது. கீழ்த்தட்டிலிருந்து அட்டைப் பெட்டிகள் சிலதை எடுத்து மேலே வைத்துவிட்டு, ஆட்கள் கேட்கிற பேர்கள் இல்லை இவை என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் பேருக்கு வரவில்லை என்றேன்.

அதற்குள்தான் என் கத்தி இருந்தது. பிடி வெளிறிய பச்சை, கையில் லேசாகச் சொரசொரத்தது. ஈரக்கையால் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று தண்ணீர் கேட்டேன். குடிக்கத்தான் என்று நினைத்து ஒரு குவளை கொண்டுவந்தார். கையை அதில் நனைத்துவிட்டுப் பிடித்தேன், வழுக்கவில்லை. உதறினேன், திறக்கவில்லை. செட்டையை இழுத்தேன், மணிக்கட்டை உதறாமலே திறந்தது. திறந்ததும் அந்தச் செட்டை முன்னுக்கு வந்து விரலுக்கும் அலகுக்கும் நடுவே காவலாக நின்றது. நாக்கு பெருவிரலுக்கு எட்டியது. மடிக்கும்போது அலகுக்கு முன்னால் அந்தச் செட்டைதான் விரலில் வந்து முட்டுகிறது, விரல் அறுபடாது. மிச்சத்தைத் தொடையில் வைத்து அழுத்தினால் முடிந்தது. அச்சில் பித்தளை வளையமா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது.

உருக்கு எப்படி என்றும் விசாரித்தேன். மிகவும் கடினமான உருக்கு என்று அவர் புகழ்ந்த ஒன்றைத் தள்ளி வைத்தேன். கடினமான உருக்கை என் கடைக் கல்லில் தீட்ட முடியாது, தீட்ட முடியாத கத்தி கொஞ்ச நாளில் இரும்புத் துண்டு. என்னுடையது துருப்பிடிக்காதது, நடுத்தரக் கடினம். அதிலேயே கறுப்பு அலகு வைத்ததும் இருந்தது. கறுப்பு வேண்டாம் என்றேன். சோதனைச்சாவடியில் கறுப்பைப் பார்க்கிறவன் இரண்டாவது தடவை பார்ப்பான். அலகு நீளமாகவும் இருக்கக்கூடாது என்று என் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்குவதாக எடுத்தேன்.

வெளியே வந்ததும் மச்சான் சொன்னார்.

"என்னைக் கலியாணம் கட்டக்குள்ளயும் இப்பிடித்தான் உதறிப் பாத்தியா?"

"பாக்கல்ல. அதான் இப்பிடி" என்றேன். அவர் பஸ் நிலையம்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்தக் கத்தியால் என் நாள் மாறியது. ஏணியில் நின்று வெட்டினேன். படங்கு மூட்டையை யாரும் வந்து பிரித்துத்தரக் காத்திருக்கவில்லை. வந்தவர்கள் கயிற்றை விட்டுக் கத்தியைப் பார்த்தார்கள், ஒன்றிரண்டு மீன்பிடிகாரர் தங்களுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்றார்கள்.

ஆனால் ஆமிக்கும் இயக்கத்துக்கும் இடையில் ஓய்ந்திருந்த சண்டை திரும்பத் தொடங்கிவிட்டது. தன்னாமுனைக்கும் நகரத்துக்கும் இடையிலிருந்த சோதனைச்சாவடியில் முன்னர் பஸ்ஸுக்குள்ளேயே அடையாள அட்டை பார்ப்பார்கள். இப்போது எல்லோரும் இறங்கி, பைகளைத் திறந்து, வரிசையில் நடக்க வேண்டும். கத்தியைக் கடையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று நான் நினைத்திருக்கவில்லை. அது என் கையின் பாதி மாதிரி ஆகியிருந்தது.

ஒரு நாள் காலை, பெண்களைச் சோதிக்கும் பெண் பொலிஸ் என் பைக்குள் கைவிட்டாள். கத்தியை வெளியே எடுத்தவள் அது என்னவென்று புரட்டிப் பார்த்தாள். அவள் விரல் செட்டையில் பட்டது. டக் என்று திறந்தது. அவள் பயந்து கீழே போட்டுவிட்டாள். வரிசையில் நின்ற சனம் பின்னுக்குப் போனது. மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற ஆமிக்காரர் இருவர் துப்பாக்கியை என் பக்கம் திருப்பினார்கள். நான் வலது கையை மெல்ல உயர்த்திக்கொண்டு நின்றேன். இடதையும் உயர்த்தினேன், விரல்கள் மடிந்து தொங்கின. அந்த விரல்களையும் விரி என்று சிங்களத்தில் ஒருவன் கத்தினான். விரியாது என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்.

அதிகாரி வந்தார். நடுத்தர வயது, தமிழ் ஓரளவு தெரிந்தவர். கத்தியை எடுத்து மூடித் திறந்து பார்த்தார்.

"இது ஆமிக் கத்தி. யார் குடுத்தது?"

"யாரும் குடுக்கல்ல. கொழும்பில கடையில வாங்கினது. கயிறு வெட்டுறதுக்கு."

கயிறு வெட்ட இது தேவையா, சாதாரணக் கத்தி போதாதா என்றார். கத்தியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அன்றைக்கு அப்படிப் போகவிட்டதே பெரிய காரியம் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் சொன்னார்கள். மச்சானும் அதையேதான் சொன்னார். கத்தி போனால் போகட்டும், அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காதே என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் கடைக்கு வந்துபோன சிலர் அந்த மாதங்களில் வராமல் போனார்கள். ஏன் வரவில்லை என்று கேட்கிற காலம் இல்லை அது.

ஆனாலும் மறுநாள் போனேன். கையில் ஒரு சுருள் நைலோன் கயிறும் பழைய வில்லுக்கத்தியும். பயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் பக்கம் நியாயம் இருந்தது, அதை ஒரு ஆளுக்குக் காட்டவும் முடியும் என்று நம்பினேன். பெண் பொலிஸிடம் வில்லுக்கத்தியைக் காட்டி, அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் வந்தார். மேசையில் கயிற்றை வைத்து, இடது கையை அதன் மேல் வைத்துக் காட்டினேன். விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி விட்டேன், விழுந்தன. பிறகு வில்லுக்கத்தியை அவர் பக்கம் தள்ளினேன்.

"சேர், ஒரு கையைப் பின்னுக்கு வச்சிட்டு இதத் திறந்து பாருங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் உண்மையாகவே இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்தார். நகத்தால் முயன்றார், மேசையில் அழுத்தினார், சட்டைப் பொத்தானில் மாட்டி இழுத்தார். கடைசியில் வாய்க்குக் கொண்டுபோனார். பல் வைத்த இடத்தில் நிறுத்தி, என் முன்பல்லைப் பார்த்தார். கத்தியை மேசையில் வைத்தார்.

சுனாமியா என்று கேட்டார். ஓம் என்றேன். தன் ஊரும் கடற்கரைதான், தெற்கே, என்றார். உள்ளே போய் என் கத்தியை எடுத்து வந்து தந்தார். ஆனால் இதோடு இனி இந்த வழியால் வரக்கூடாது, கடையிலேயே இருக்கட்டும், நாளைக்கு நான் இங்கே இல்லாவிட்டால் வேறொருவன் இப்படிப் பார்க்கமாட்டான் என்றார். ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து சண்டை முடியும்வரை என் கத்தி கடையிலேயே படுத்தது.

வாகரையிலிருந்தும் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது பள்ளிக்கூட மைதானங்கள் கூடாரங்களால் நிரம்பின. கையில் கொப்புளம் வரக் கயிறு வெட்டினேன். தூரத்தில் செல் குண்டு விழும் சத்தத்துக்கு மேசையில் இருந்த ஆணிகள் குலுங்கும். அச்சு இளகினால் பறங்கியரின் திருகாணித் திருப்பியை வாங்கி நானே இறுக்குவேன். எவ்வளவு இறுக்கினால் போதும் என்பது விரலுக்குப் பழகிவிட்டது. கிழக்கில் சண்டை ஓய்ந்து, அந்தச் சனம் ஊருக்குத் திரும்பி, பிறகு வன்னியிலும் எல்லாம் முடிந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நகரத்தில் சில இடங்களில் வெடி கொளுத்திய சத்தம் கேட்டது. எங்கள் தெருவில் பாதிக் கடை பூட்டிக் கிடந்தது. வன்னியில் சொந்தம் இருந்தவர்கள் யாரிடமும் பேசாமல் நடந்து போனார்கள்.

அந்த வருஷக் கடைசியில் பஸ் ஓட்டம் இல்லாத நாட்களில் நானும் மச்சானும் சாரதியோடு வாடகைக்குப் பிடித்த சின்ன லொறி ஒன்றில் படுவான்கரைக்குக் கயிறு கொண்டுபோகத் தொடங்கினோம். திரும்பிப் போன சனத்துக்கு வேலிக்கும் மாட்டுக்கும் கயிறு தேவைப்பட்டது. வாவியைக் கடக்க மண்முனைத் துறையில் பாதை இருந்தது. இரும்புத் தட்டு போட்ட மிதவை, லொறியும் மோட்டார் சைக்கிளும் சனமும் ஒன்றாக ஏறி நிற்கும், அதைத்தான் நாங்கள் பாதை என்போம். சோதனைகள் குறைந்திருந்ததால் கத்தி மறுபடியும் என் இடுப்பில் இருந்தது.

ஒரு நாள் எங்களோடு ஒரு பெண் பசுவோடு ஏறினாள். முப்பது வயது இருக்கும். கழுத்துக் கயிற்றை மிதவையின் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி மிச்சத்தைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். நடு வாவியில் ஒரு மோட்டார் சைக்கிள் சரிந்து இரும்புத் தட்டில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பசு மிரண்டு பாய்ந்து, கம்பிக்கு மேலால் தண்ணீருக்குள் விழுந்தது. கயிறு இறுகியது. பசு கழுத்தில் தொங்கிக்கொண்டு உதைத்தது. அந்தப் பெண்ணின் கை கயிற்றுக்கும் கம்பிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

எல்லோரும் அந்தப் பக்கம் ஓட மிதவை சரிந்தது. மச்சான் அவர்களைத் தள்ளி மற்றப் பக்கம் போகச் சொல்லிக் கத்தினார். பிறகு கயிற்றைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார், நகரவில்லை. லொறிச் சாரதி பெரிய வெட்டுக்கத்தி ஒன்றோடு வந்தார். கயிறும் அவளுடைய விரலும் ஒன்றாக இருந்த இடத்தில் அதை ஓங்க முடியாது. கயிற்றைக் கம்பிக்கு வெளியே, தண்ணீருக்கு மேல் வெட்ட வேண்டும். வெளியே சாய்கிறவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்தாக வேண்டும்.

நான் இடது முழங்கையைக் கம்பியில் கொளுவினேன். அந்த மூட்டு நல்ல மூட்டு. இடுப்புவரை வெளியே சாய்ந்து, வலது கையைக் கீழே விட்டு, அங்கேயே கத்தியைத் திறந்தேன். பசு உதைத்த தண்ணீரில் கை முழுக்க நனைந்திருந்தது. பிடி வழுக்கவில்லை. விரல் செட்டையில் முட்டி நின்றது. இறுகிய நைலோனில் அலகு பட்டதும் வெடித்தது மாதிரிக் கயிறு அறுந்தது. மச்சான் என் இடுப்பைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

அவளுடைய கை ஊதா நிறமாகியிருந்தது. இரண்டு விரல்கள் கோணிக் கிடந்தன. நான் அதைப் பிடித்துப் பார்க்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டு வாவியைக் காட்டினாள்.

"என்ட கையைப் பாக்காம மாட்டப் பாருங்க கா. போகுதா?"

போனது. தலையை உயர்த்திக்கொண்டு கரையை நோக்கி நீந்திக்கொண்டிருந்தது. அதைக் கண்ட பிறகுதான் அவள் அழுதாள். இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போன மாடுகளில் திரும்பக் கிடைத்தது அது ஒன்றுதான் என்று மச்சானிடம் சொன்னாள். கரையில் இறங்கியதும் பசுவைப் பிடித்துக் கட்டக் கயிறு இல்லை. லொறியிலிருந்து நல்லதாக ஒரு முழுக் கயிறு எடுத்துக் கொடுத்தேன். அறுந்த கயிறு இதைவிடத் தடிப்பு என்றாள். தடிப்பாகவே வேறொன்று கொடுத்தேன்.

சில கிழமைகளுக்குப் பிறகு அவள் கடைக்கு வந்தாள். கட்டு அவிழ்த்திருந்தார்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் முழுதாக மடியவில்லை. உங்களுடையது மாதிரி ஒரு கத்தி வேண்டும் என்றாள். அதற்குள் நான் மீன்பிடிகாரருக்காகச் சில கம்பனிகளின் கத்திகளை எடுத்து வைக்கத் தொடங்கியிருந்தேன். ஒவ்வொன்றையும் உதறி, அழுத்தி, நனைத்துப் பார்த்துத்தான் கடைக்குள் விடுவேன். எல்லாவற்றையும் மேசையில் வைத்து, என்னுடையதற்குச் சோடியானதை அவள் கையில் கொடுத்து, இதுதான் நல்லது என்றேன். வாவிக்கு, உப்புக்கு, மணலுக்கு எல்லாம் பார்த்து எடுத்தது, யோசிக்காமல் எடுங்க என்றேன்.

அவள் செட்டையை இழுத்துப் பார்த்தாள். அலகு பாதியில் நின்றது. திரும்பவும் இழுத்தாள், அப்போதும் பாதிதான். நான் எப்படி இழுக்க வேண்டும் என்று காட்டினேன். அவள் பொறுமையாகப் பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த வேறொன்றை எடுத்தாள். சின்னது, அலகின் பக்கத்தில் பெருவிரலால் தள்ளுகிற குமிழ் வைத்தது. நான் அதை அவ்வளவாக மதித்திருக்கவில்லை. பெருவிரலால் தள்ளினாள். திறந்தது. மடித்தாள். திரும்பத் திறந்தாள்.

"உங்கட கத்தி உங்கட கைக்குச் சரி கா. எனக்கு அந்த விரல் ஏலாதே. பெருவிரல்தான் இரிக்கு" என்றாள்.

அவளுக்கு எது சரி என்று நான் பார்க்கவேயில்லை, எனக்கு எது சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கயிற்றுத் துண்டு ஒன்றைக் கொளுக்கியில் மாட்டிக் கொடுத்தேன். வெட்டினாள். அலகின் முதுகை மேசையில் அழுத்திப் பார்க்கச் சொன்னேன், அழுத்தினாள், மடியவில்லை. தலைகீழாக உதறச் சொன்னேன், அதையும் செய்தாள். எப்படித் தீட்டுவது என்று கேட்டாள். கல்லை எடுத்துக் காட்டினேன். என் கோணத்தை அப்படியே பிடிக்காமல், மடியாத விரல்களைக் கல்லின் ஓரத்தில் முட்டுக் கொடுத்து, தனக்கு வசதியான ஒரு கோணத்தில் தீட்டினாள். அலகு நன்றாகவே கூரானது.

பசு கன்று போட இருக்கிறது என்று சொன்னாள். கொக்கட்டிச்சோலைக்குப் போக வேண்டும், பாதை போய்விடும் என்று கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். மச்சானிடம் அடுத்த தடவை கொழும்புக்குப் போகும்போது அந்தக் குமிழ் வைத்த கத்தியில் இன்னும் கொஞ்சம் எடுத்து வரச் சொன்னேன்.